ரேஷன் அரிசி, பருப்பு, பாமாயில்: ஒரு வருசமா எங்க ராத்திரி சாப்பாடு இதுலதான்

போன வருசம் ஆடி மாசம் வீட்டுக்காரருக்கு கம்பெனில ஆர்டர் குறைஞ்சு வாரத்துல மூணு நாள்தான் வேலைன்னு ஆயிடுச்சுங்க. திருப்பூர்ல பனியன் கம்பெனில இருக்கறவங்களுக்கு இது புதுசில்ல. நான் இன்னொரு கம்பெனில செக்கிங்ல இருக்கேன், எனக்கு வேலை நிக்கல. ஆனா வாடகை, ஸ்கூல் பீஸ், சீட்டு இதுல எதுலயும் கை வைக்க முடியாது, கை வைக்க முடிஞ்சது மளிகை ஒண்ணுலதான். அதுவரைக்கும் நாங்க ரேஷன் அரிசிய இட்லி மாவுக்கு மட்டும் எடுத்துட்டு மிச்சத்த கோழி வளக்கற பக்கத்து வீட்டுக்கு குடுத்துருவோம், சோத்துக்கு பொன்னி 25 கிலோ சிப்பம் வாங்கிருவோம். அந்த சிப்பத்த நிறுத்தினாலே மாசம் ஆயிரத்து ஐநூறு மிச்சம். சரி, ராத்திரி சாப்பாடு மட்டுமாவது முழுக்க ரேஷன்ல செஞ்சு பாக்கலாம்னு ஆரம்பிச்சது, இப்ப ஒரு வருசம் தாண்டிடுச்சு, அவருக்கு முழு வேலை வந்தப்பறமும் அப்படியே போயிட்டிருக்கு. ஆன்லைன்ல மிக்சிக்கும் குக்கருக்கும் ஆயிரம் ரிவ்யூ இருக்கு, கோடிக்கணக்கான பேர் வாங்கற இந்த அரிசிக்கும் பருப்புக்கும் ஒருத்தரும் ஒழுங்கா எழுதல, அதான் எழுதறேன்.

எங்க கார்டுல நாலு பேரு. மாசம் அரிசி 20 கிலோ இலவசம், துவரம்பருப்பு 1 கிலோ 30 ரூவா, பாமாயில் 1 லிட்டர் பாக்கெட் 25 ரூவா, சர்க்கரை 2 கிலோ 50 ரூவா. ஆக மொத்தம் 105 ரூவா. வெளிய துவரம்பருப்பு மட்டுமே கிலோ 150க்கு மேல குடுத்து வாங்கிருக்கேன். எங்கம்மா இன்னும் சொல்லும், அவங்க வாங்கறப்ப அரிசி கிலோ மூணரை ரூவா, 2006ல ரெண்டு ரூவா ஆச்சு, 2008 செப்டம்பர்ல ஒரு ரூவா, 2011 ஜூன்ல இருந்து இலவசம். பருப்பும் பாமாயிலும் 2007லதான் குடுக்க ஆரம்பிச்சாங்க, அதுக்கு முன்னாடி சாம்பார் வைக்கறதே எங்க வீட்ல ஞாயித்துக்கிழமைதான். அம்மா அந்த பருப்ப ஒரு பருக்கை கீழ சிந்த விடாது.

மொதல்ல அரிசி. இதுதான் பெரிய விசயம், இதுலதான் எல்லாரும் தப்பு பண்றாங்க, நானும் மொத மாசம் பண்ணேன். பொன்னி மாதிரியே ரெண்டு தடவ கழுவி குக்கர்ல வெச்சு மூணு விசில் விட்டேன். மூடி தெறந்ததும் ஒரு வாசம், கோணிச்சாக்கு வாசம்னு வெச்சுக்கங்க, பெரியவன் தட்டத்த தள்ளி வெச்சுட்டு எந்திரிச்சு போயிட்டான். அன்னிக்கு அழுகையே வந்துருச்சு, வேலை முடிஞ்சு வந்து நின்னு ஆக்கினது. அப்பறம் அம்மாவுக்கு போன் போட்டு கேட்டா, "குக்கர்ல வெச்சா அந்த வாசம் எங்கடி போகும், உள்ளயே சுத்தி சோத்துக்கே வரும், ரேஷன் அரிசிய கஞ்சி வடிக்கணும் கண்ணு"ன்னுச்சு. அவ்வளவுதான் விசயம்.

இப்ப நான் செய்யறது இப்படி. அரிசி வாங்கிட்டு வந்த அன்னிக்கோ அடுத்த நாளோ மாடில பழைய வேட்டி விரிச்சு ஒரு மணி நேரம், அதுவும் காலை வெயில்ல காய வைப்பேன், உச்சி வெயில்ல போட்டா அரிசி விண்டு போயி வேகறப்ப எல்லாம் நொய்யா உடையும். அப்பறம் முறத்துல பொடச்சு கல்லு, கருப்பரிசி பொறுக்கிட்டு நாலஞ்சு வரமொளகாய போட்டு டப்பால கொட்டி வெச்சா வண்டு அண்டாது. சமைக்கறப்ப தண்ணி தெளியற வரைக்கும் அஞ்சாறு தடவ கழுவி, கொஞ்சம் உப்பு போட்டு அரை மணி நேரம் ஊற வெச்சு, அந்த தண்ணிய கீழ ஊத்திரணும். குண்டால நெறைய தண்ணி, ஒரு டம்ளர் அரிசிக்கு ஆறு டம்ளராவது, தளதளன்னு கொதிச்சப்பறம்தான் அரிசி போடணும். பொங்கி வர்ற நொரைய கரண்டில எடுத்து ஊத்துங்க, வாசத்துல பாதி அதுலயே போயிரும். ஒரு பருக்கைய எடுத்து ரெண்டு விரல்ல நசுக்கினா நடுவுல ஊசி மொனை அளவு வெள்ளையா தெரியும், அப்பவே வடிதட்டு போட்டு சாய்ச்சிரணும், மிச்சத்த அந்த சூட்டுலயே வெந்துக்கும். கொழைய விட்டுட்டீங்கன்னா இந்த அரிசி பசை மாதிரி ஆயிடும், ஏன்னா பருக்கை தடிமன், வெளிய கொழைஞ்சாலும் உள்ள கெட்டியா நிக்கும்.

வடிக்கறதுல சத்தும் கொஞ்சம் போகத்தான் செய்யும், அதனால அந்த கஞ்சிய நான் கீழ ஊத்தறதில்ல, உப்பு போட்டு மோர் கலந்து ரெண்டு சின்ன வெங்காயம் அரிஞ்சு போட்டு வெச்சா நான் ஒரு சொம்பு குடிச்சிருவேன், ராத்திரி எட்டரைக்கு வர்ற பசிக்கு அது ஒரு தெம்பு.

அரிசில அங்கங்க ஒரு மாதிரி மஞ்சளா, பளபளன்னு, ஒரே சைஸ்ல இருக்கற பருக்கை வரும், ஊற வெச்சா சிலது மேல மிதக்கும். எங்க காம்பவுண்டுல ஒருத்தங்க அத பிளாஸ்டிக் அரிசின்னு ஒண்ணொண்ணா பொறுக்கி குப்பைல போட்டுட்டிருந்தாங்க. தயவு செஞ்சு அத செய்யாதீங்க. அது செறிவூட்டப்பட்ட அரிசி, அரிசி மாவுல இரும்புச்சத்து, போலிக் ஆசிட், பி12 சேத்து அரிசி மாதிரியே அச்சுல பண்ணி 100க்கு 1ன்னு கலந்திருக்காங்க. ரத்தசோகைக்காகத்தான் அத போடறதே. நம்ம கம்பெனிகள்ல பொம்பளப்புள்ளைங்க எத்தன பேரு ரத்தம் இல்லாம கண்ணு இருட்டி உக்காந்துடறாங்க, அத பாக்கற எனக்கு அந்த பருக்கைய குப்பைல பாக்கறப்ப வயிறு எரியுது.

சோறா சாப்பிட பொன்னி அளவுக்கு வராது, அத ஒத்துக்கறேன். ரசம், தயிருக்கு பரவால்ல, புளிக்கொழம்பு, கருவாட்டுக் கொழம்பு மாதிரி காரமா இருக்கறதுக்கு நல்லாவே இருக்கும். எலுமிச்ச சாதத்துக்கு வேண்டாம், ஆறினதும் பருக்கை வெறைச்சுக்கும். வெறும் சோத்துக்கு அஞ்சுக்கு மூணு மார்க் போடுவேன்.

ஆனா இட்லிக்கு? அஞ்சுக்கு அஞ்சு, யோசிக்கவே வேண்டியதில்ல. பணக்கார வீட்டுல கூட இந்த அரிசிய தேடி இட்லிக்கு வாங்கறாங்கன்னா சும்மா இல்ல. அந்த தடிமன் பருக்கைதான் இட்லிக்கு பலம். நான் போடற கணக்கு நாலு டம்ளர் ரேஷன் அரிசி, ஒரு டம்ளர் முழு உளுந்து, ஒரு ஸ்பூன் வெந்தயம். அரிசி அஞ்சு மணி நேரம் ஊறட்டும், உளுந்து ஒண்ணரை மணி நேரம் போதும். அரிசி ஆட்டறப்ப தண்ணிய தெளிச்சு தெளிச்சு ஊத்துங்க, கடை இட்லி அரிசி அளவுக்கு இது தண்ணி இழுக்காது, மொத தடவ பழைய பழக்கத்துல ஊத்தி மாவு நீத்துப்போயி இட்லி தட்டையா வந்துச்சு. ஞாயித்துக்கிழமை ஆட்டினா திங்கள் இட்லி, செவ்வாய் தோசை, புதன் கொஞ்சம் புளிச்ச மாவுல வெங்காயம் கேரட் போட்டு ஊத்தப்பம் இல்ல பணியாரம். மூணு ராத்திரி ஓடிரும். கடை மாவு பாக்கெட் வாங்கினா ஒரு ராத்திரிக்கே அம்பது ரூவா, அதுவும் எங்களுக்கு பத்தாது.

சந்தகையும் (இடியாப்பம் மாதிரி) இதுல அருமையா வருது. மாசத்துல ஒரு ஞாயிறு ராத்திரி செய்வோம். அரிசிய ஊற வெச்சு நைசா ஆட்டி உப்பு போட்டு இட்லியா ஊத்தி எடுத்து, சூடா இருக்கறப்பவே மெசின்ல பிழியணும், ஆறிருச்சுன்னா கை பிடி அசையாது, அதனால நான் இட்லிய ஒண்ணொண்ணா எடுத்து போட போட அவரு பிழிவாரு, சின்னவ தட்ட புடிச்சுட்டு நிப்பா. பாதிக்கு எலுமிச்ச தாளிப்பு, பாதிக்கு தேங்கா துருவி ரேஷன் சர்க்கரை தூவி. அன்னிக்கு யாருக்கும் பணம் இல்லாத நெனப்பே இருக்காது.

இப்ப பருப்பு. ஒரு கிலோதான், அத மாசம் பூரா ஓட்டணும். எங்க வீட்டு டம்ளர்ல அரை டம்ளர் 100 கிராம், அப்படி பாத்தா பத்து ராத்திரி சாம்பாரோ பருப்போ வைக்கலாம், ஒரு தடவைக்கு பருப்பு செலவு மூணு ரூவா. ஆனா ஒரு விசயம் கவனிங்க. சில மாசம் துவரம்பருப்பு வரும், சில மாசம் கனடா மஞ்சப் பருப்பு வரும். ரெண்டையும் ஒரே மாதிரி வேக வெச்சு பாழாக்காதீங்க. துவரம்பருப்பு ஒரு பக்கம் மேடா இருக்கும், கனடா பருப்பு சின்னதா, வட்டமா, தட்டையா இருக்கும், கையில எடுத்து பாத்தாலே தெரிஞ்சுரும். துவரம்பருப்புக்கு நாலு விசில், கனடா பருப்புக்கு ரெண்டே போதும், அதுக்கு மேல விட்டா கரைஞ்சு கூழாயிரும், சாம்பார் ஆறினதும் கெட்டிப்பட்டு நிக்கும். கரையறதையே வசதியா எடுத்துக்கலாம், பூண்டு, பச்சமொளகா, சீரகம் போட்டு கடைஞ்சு கெட்டியா சோத்துல போட்டு பெசஞ்சா அது ஒரு ருசி. எனக்கு புடிச்சது துவரம்பருப்புதான், அது வர்ற மாசம் கூட ஒரு பிடி போடணும்னு கை போகும், அடக்கிக்குவேன்.

எங்க வீட்ல வாரத்துக்கு ஒரு ராத்திரி அரிசிம்பருப்பு. கோயமுத்தூர், ஈரோடு, திருப்பூர் பக்கத்துக்காரங்களுக்கு சொல்லவே வேண்டாம், மத்த ஊர்க்காரங்களுக்காக எழுதறேன், ஏன்னா கம்மி காசுல நாலு பேரு வயிறார சாப்பிட இத விட ஒண்ணு எனக்கு தெரிஞ்சு இல்ல. ரெண்டு டம்ளர் அரிசி, முக்கா டம்ளர் துவரம்பருப்பு, ரெண்டையும் சேத்து கழுவி, ரேஷன் புழுங்கலரிசின்னா கட்டாயம் அரை மணி நேரம் ஊற வைங்க. குக்கர்ல எண்ணெய் ஊத்தி கடுகு, சீரகம், மொளகு, நாலு வரமொளகா, கருவேப்பிலை, ஒரு கை நெறைய உரிச்ச சின்ன வெங்காயம், எட்டு பல்லு பூண்டு தட்டி, ரெண்டு தக்காளி, மஞ்சத்தூள். நல்லா வதங்கினதும் ஒரு டம்ளர் அரிசி பருப்புக்கு மூணு டம்ளர் தண்ணின்னு ஊத்தி, உப்பு போட்டு, கொதி வந்ததும் அரிசிய போட்டு நாலு விசில். பொன்னிக்கு ரெண்டரை டம்ளர் போதும், இதுக்கு பத்தாது. குக்கர்ல வெச்சா வாசம் வரும்னு மேல சொன்னேனே, இதுல வராது, பூண்டும் சீரகமும் மொளகும் அத அமுக்கிரும். சின்ன வெங்காயத்த ஞாயித்துக்கிழமை டிவி பாத்துட்டே எல்லாரும் சேந்து உரிச்சு டப்பால போட்டு பிரிட்ஜ்ல வெச்சுருவோம், ஊற வைக்கறது பெரியவன் பொறுப்பு, ஏழேமுக்காலுக்கு போன் போட்டு ஞாபகப்படுத்துவேன். எட்டரைக்கு கம்பெனில சங்கு ஊதி, ஒம்போது மணிக்குள்ள தட்டுல சூடா சோறு. மேல ஒரு ஸ்பூன் தேங்கா எண்ணெய், தொட்டுக்க அப்பளம், தயிர். பருப்பு நாலரை ரூவா, வெங்காயம் தக்காளி பூண்டு ஒரு இருவது ரூவா, எண்ணெய், கேஸ், தயிர் எல்லாம் சேத்தாலும் அம்பதுக்குள்ளதான், நாலு பேருக்கு. சின்னவ குக்கர் அடில ஒட்டினத சொரண்டி திங்கறதுக்குன்னே கடைசி வரைக்கும் உக்காந்திருப்பா.

அடையும் நல்லா வருது, ரெண்டு டம்ளர் அரிசிக்கு ஒரு டம்ளர் பருப்பு கலந்து, கொஞ்சம் கடலப்பருப்பு வெளிய வாங்கி சேத்துக்குவேன், வரமொளகா, பெருங்காயம், கொரகொரன்னு ஆட்டி ரெண்டு கை முருங்கக்கீரை. முருங்கக்கீரை எங்க தெருவுல காசு குடுத்து வாங்க வேண்டியதில்ல. ரெண்டு அடை தின்னா வளந்த ஆளுக்கே போதும். பருப்பு தீந்துபோற கடைசி வாரத்துக்கு கொள்ளு வெச்சிருப்பேன், வேக வெச்ச தண்ணில ரசம், கொள்ள கடைஞ்சு பருப்பு, ஒரே அடுப்புல ரெண்டு ஐட்டம்.

பாமாயில் பத்தி. பொரிக்கறதுக்கு, அப்பளத்துக்கு, தோசைக்கு நல்லா இருக்கு, காஞ்ச எண்ணெய்ல நாத்தம் எதுவும் இல்ல. மார்கழில பாக்கெட் ஒறஞ்சு வெள்ளையா கெட்டியா இருக்கும், கலப்படம்னு பயப்படாதீங்க, அதோட தன்மையே அதுதான், வெதுவெதுப்பான தண்ணில கொஞ்ச நேரம் போட்டா எளகிரும். ஆனா புளி சாதம், தொவையல் தாளிப்பு, ஆறிப்போயி சாப்பிடற எதுக்கும் ஊத்தாதீங்க, மேல்வாய்ல மெழுகு மாதிரி ஒட்டும். இன்னொண்ணு, இதுல கெட்டிக் கொழுப்பு (சேச்சுரேட்டட் ஃபேட்) பாதிக்கு கிட்ட இருக்கு, எங்கப்பா நெஞ்சு வலில போனவரு, அதனால நான் முழுக்க இதுலயே சமைக்கறதில்ல, மாசம் ஒரு லிட்டர் கடலெண்ணெயும் வாங்கி தாளிக்க அத வெச்சுக்கறேன். நாலு பேருக்கு மாசம் ரெண்டு லிட்டரோட நிறுத்தணும்னு ஒரு கோடு போட்டிருக்கேன், பாதி மாசம் தாண்டினா அந்த பாட்டில தூக்கி பாத்துட்டுதான் அடுப்ப பத்த வைப்பேன். பாமாயிலுக்கு மூணு மார்க்.

கடை அனுபவமும் சொல்லணும். கார்டு தேச்சு வெரல் வெச்சா பில்லு ஏறி போனுக்கு மெசேஜ் வரும், அந்த மெசேஜ படிக்காம நகராதீங்க. ஒரு மாசம் நான் கூட்டத்துல அவசரமா வந்துட்டேன், வீட்டுக்கு வந்து பாத்தா வாங்காத பாமாயில் வாங்கினதா மெசேஜ்ல இருக்கு. திரும்ப போயி கேட்டேன், ஸ்டாக் இல்ல அடுத்த வாரம் வாங்கன்னாங்க, போயி வாங்கிட்டேன், ஆனா அரை நாள் சம்பளம் போச்சு. 25 ரூவா எண்ணெய்க்கு அரை நாளான்னு அவரு கேட்டாரு, எனக்கு அது எங்க வீட்டு எண்ணெய். குடுக்க மாட்டேன்னா 1967க்கு போன் பண்ணலாம், காசு கெடையாது. பருப்பும் எண்ணெயும் மாசக் கடைசில போனா இருக்காது, அதனால மொத பத்து நாளுக்குள்ள போயிருங்க. தராசுல டிஸ்பிளே ஜீரோல இருக்கான்னு பாத்துட்டு பையை புடிங்க. அரிசி மாசத்துக்கு மாசம் ஒரே மாதிரி இருக்காது, ஒரு மாசம் வெள்ளையா பளிச்சுன்னு வரும், ஒரு மாசம் மஞ்சளா, நொய்யா வரும். மஞ்ச அரிசி வந்த மாசம் அத முழுக்க மாவுக்கும் அடைக்கும் ஒதுக்கிட்டு, போன மாசத்து மிச்சத்த சோத்துக்கு வெச்சுக்குவேன், அதுக்காகவே எப்பவும் அஞ்சு கிலோ கைல இருப்பு வெச்சிருக்கேன். நொய்ய பொடச்சு எடுத்து ஒரு ராத்திரி அரிசி உப்புமா கிண்டிருவேன்.

பெரியவன் இப்ப எட்டாவது படிக்கறான். மொத நாள் தட்டத்த தள்ளினானே அவன்தான், போன வாரம் அவன் பிரண்டு ஒருத்தன் ராத்திரி வந்திருந்தான், அரிசிம்பருப்பு போட்டேன், ரெண்டாவது தடவ கேட்டு வாங்கி சாப்பிட்டான், என்ன அரிசி ஆன்ட்டின்னு கேட்டான். நான் வாய தெறக்கறதுக்குள்ள இவனே "ரேஷன் அரிசிடா, ஊற வெச்சது நானு"ன்னான்.